தொப்பியில் தொடங்குங்கள்: கச்சேரியும் பதிவும் கேட்கப் பழகுவது

ஒரு கச்சேரிப் பதிவு நன்றாக இருக்கிறதா என்று சொல்ல, அந்த வாத்தியம் மைக் இல்லாமல் எப்படி ஒலிக்கும் என்பது முதலில் காதுக்குத் தெரிந்திருக்க வேண்டும். சபாவில் கேட்டால் போதாதா என்றால், போதாது. அங்கே பெரும்பாலும் நம்மிடம் வந்து சேர்வது ஸ்பீக்கரின் ஒலிதான், அதுவும் பல இடங்களில் தேவைக்கு மேல் சத்தமாக. யார் வீட்டிலாவது மைக் வைக்காமல் சின்னக் கச்சேரி நடந்தால் விடாதீர்கள், போய்ப் பக்கத்திலேயே உட்காருங்கள்.

எல்லாவற்றையும் ஒன்றாகக் கேட்க முயல வேண்டாம். ஒரு கீர்த்தனை முழுக்க மிருதங்கத்தின் தொப்பியை மட்டும், அதாவது இடப்பக்கத்தை மட்டும், பிடித்துக்கொண்டு போங்கள். அதில் ரவையைப் பிசைந்து ஒட்டுவதால்தான் நாதம் அப்படிக் கனத்து இறங்குகிறது. கும்கி, அதாவது தொப்பியில் வளைத்து எழுப்பும் நாதம், விழும்போது கவனியுங்கள்: தட்டியது ஒரு நொடி, அப்புறம் உள்ளங்கை அழுத்தத்தில் நாதம் வளைந்து மேலே ஏறி அடங்குவது தனியாகக் கேட்கும். இப்போது ஒரு பதிவை ஹெட்போனில் போட்டு அதே வளைவைத் தேடுங்கள். வெறும் 'தொம்' மட்டும் வந்தால் பதிவில் ஏதோ போய்விட்டது என்று அர்த்தம். போனின் ஸ்பீக்கரில் கேட்டுவிட்டு மட்டும் தீர்ப்புச் சொல்லாதீர்கள், அதில் தொப்பி பாதிக்கு மேல் காணாமல் போயிருக்கும், அதற்கு வித்வான் என்ன செய்வார்.

அடுத்தது தம்புரா. மீட்டுவது பஞ்சமமும் ஷட்ஜமும்தான் ('ப'வும் 'ஸ'வும்), ஆனால் ஜீவா, அதாவது தந்திக்கு அடியில் குதிரையின் மேல் வைக்கும் நூல், சரியாக உட்கார்ந்து சுருதி சேர்ந்துவிட்டால் மந்திர ஷட்ஜத் தந்தியிலிருந்து (கீழ் 'ஸ') யாரும் மீட்டாத 'க' ஸ்வரமான அந்தர காந்தாரம் தானாகவே எழும். நேரில் அதை ஒருமுறை பிடித்துவிட்டால், எந்தப் பதிவில் அது உயிரோடு இருக்கிறது என்று உடனே தெரிந்துவிடும். எனக்கு இதைவிட நல்ல பரீட்சை தெரியாது.

பழைய இசைத்தட்டுகளுக்கு இந்த அளவுகோல் செல்லாது. 1925 வாக்கில் மின்சார ஒலிப்பதிவு வரும்வரை மைக் இல்லாமல் கூம்புக் குழாய்முன் பாடித்தான் பதிந்தார்கள், கீழ் நாதம் அதில் சரியாக ஏறாது. 78 சுற்றுத் தட்டில் ஒரு பக்கம் மூன்று நான்கு நிமிடம்தான், அதற்குள் பாட்டைச் சுருக்கவும் வேண்டும். அங்கே கவனிக்க வேண்டியது சுருதியும் பிருகாவின், அதாவது வேகமாக உருளும் ஸ்வரங்களின், தெளிவும்.

கடைசியாக, இரண்டு பதிவுகளை ஒப்பிடும்போது ஒலியளவைச் சமமாக வைத்துக்கொள்ளுங்கள். கொஞ்சம் சத்தமாக ஒலிப்பதுதான் நல்லது என்று காது நம்பிவிடும்.