ஒற்றைக் காலில் நிற்கப் பழகுவோம்: விருட்சாசனம்

மாமல்லபுரத்தில் அர்ச்சுனன் தபசுப் பாறையின் முன் நின்றிருக்கிறீர்களா? 7ஆம் நூற்றாண்டுப் பல்லவர் சிற்பம். நடுப்பிளவுக்கு இடப்பக்கம் ஒருவர் எலும்பும் தோலுமாக, கைகளைத் தலைக்கு மேல் உயர்த்தி ஒற்றைக் காலில் நிற்பார். அர்ச்சுனன் என்பார்கள், பகீரதன் என்பாரும் உண்டு. யானைகளின் பக்கத்தில் ஒரு பூனையும் அவரைப் போலவே கைதூக்கி நிற்கும். யோகா பழக வருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்லித்தருவது இந்த நிற்றலைத்தான்.

விருட்சம் என்றால் மரம். வலது பாதத்தை இடது தொடையின் அடிப்பகுதியில், அதாவது இடுப்பை ஒட்டிய இடத்தில் வைத்து மரம்போல் நில் என்கிறது கேரண்ட சங்கிதை என்ற பழைய யோக நூல். செய்முறை அவ்வளவுதான், ஆனால் நிற்பதற்குள் பாடு இருக்கிறது.

சாப்பிட்டு மூன்று மணி நேரமாவது ஆகியிருக்கட்டும். கனமான விரிப்பு வேண்டாம். பாதம் அமுங்கி ஆட்டம் கூடும். வெறுந்தரையில், சுவர் கைக்கு எட்டும் இடத்தில் நில்லுங்கள்.

முதலில் பாதம். இங்கே அவசரப்படாதீர்கள். இடது பாதத்தில் கட்டைவிரலின் அடிப்பகுதி, சுண்டுவிரலின் அடிப்பகுதி, குதிகால் மூன்றும் தரையில் ஒரே அளவு அழுந்த வேண்டும். பழகத் தொடங்கிய நாட்களில் நான் விரல்களால் தரையைக் கவ்வுவேன். நகமெல்லாம் வெளுத்துவிடும், பத்து எண்ணுவதற்குள் கெண்டைக்கால் வலிக்கும். நீங்கள் விரல்களை ஒருமுறை மேலே தூக்கி, அகல விரித்து, மெல்லக் கீழே வையுங்கள். பாதம் விரிந்து படிவது தெரியும்.

சரி, இப்போது எடையை இடது காலுக்கு மாற்றுங்கள். வலது குதிகாலை இடது கணுக்காலில் சாய்த்து, விரல் நுனி தரையில் இருக்கட்டும். முதல் வாரம் இதுவே போதும். அப்புறம் பாதத்தைக் கெண்டைக்காலுக்கும், பிறகு கையால் பிடித்துத் தொடையின் உட்புறத்துக்கும் ஏற்றலாம். முட்டியின் மீது மட்டும் வைக்கவே கூடாது. பக்கவாட்டு அழுத்தத்தைத் தாங்குகிற மூட்டு அல்ல அது.

பார்வை ஓரிடத்தில் நிற்க வேண்டும். எதிரில் தேதி கிழிக்கும் நாள்காட்டி இருந்தால் இன்றைய எண்ணைப் பாருங்கள். கண்ணும் உட்காதும் பாதத்தின் உணர்வும் சேர்ந்துதான் நம்மை நிமிர்த்திப் பிடிக்கின்றன. கண் அலைந்தால் உடம்பும் அலையும்.

கைகளை நெஞ்சின் முன் கூப்பி ஐந்து மூச்சு நில்லுங்கள். உறுதி வந்தபின் தலைக்கு மேல் உயர்த்தலாம். இரத்த அழுத்தம் கூடுதலாக உள்ளவர்கள் நெஞ்சோடு நிறுத்திக்கொள்ளுங்கள். தலைசுற்றல் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். சுவரை விட வேண்டாம்.

கணுக்கால் ஆடும். ஆடட்டும். பதஞ்சலியின் யோக சூத்திரத்தில் இருநூறுக்குச் சற்றுக் குறைவான சூத்திரங்களில் ஆசனத்தை விளக்குபவை மூன்றுதான். முதலாவது ‘ஸ்திர சுகம் ஆசனம்’, அதாவது உறுதியும் சுகமும் சேர்ந்த இருப்பு. அதற்கு வழியை அடுத்த சூத்திரம் சொல்கிறது: முயற்சியைத் தளர்த்து, மனத்தை எல்லையில்லாததில் வை. அவர் சொன்னது தியானத்துக்கு அமரும் இருக்கையை. ஒற்றைக் காலில் நிற்கும்போதும் அது எனக்கு அப்படியே பலித்திருக்கிறது. ஆட்டம் கூடும்போது உங்கள் தாடையைக் கவனியுங்கள். பல்லைக் கடித்துக்கொண்டிருப்பீர்கள், மூச்சும் நின்றிருக்கும். தாடையை விட்டு, நீளமாக ஒரு மூச்சு விடுங்கள். விழாமல் இருக்க நாம் போடும் அந்த இறுக்கம்தான் பெரும்பாலும் நம்மை ஆட்டுகிறது.

கால் மாற்றிச் செய்யுங்கள். இரண்டு பக்கமும் ஒன்றுபோல் இருக்காது. தள்ளாடும் பக்கத்துக்கு இரண்டு மூச்சு கூடுதலாகக் கொடுங்கள். இறங்கும்போது காலைத் தொப்பென்று போடாமல், ஏற்றிய அதே நிதானத்தில் முதலில் விரல் நுனியையும் பிறகு குதிகாலையும் தரையில் வையுங்கள்.