அட்டைக் கடியிலிருந்து தொடங்குங்கள்

அறிவியலிலோ மருத்துவத்திலோ புதிதாக ஒன்றைப் படித்தால், யாரிடமாவது சொல்லாமல் எனக்கு இருப்புக் கொள்ளாது. இலங்கை மலையகத்தில், ஹட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் வளர்ந்தவன் நான். லயத்து வாசலிலும் பஸ்ஸிலும் கோயில் திருவிழாக் கூட்டத்திலும் இப்படிச் சொல்லிச் சொல்லித்தான், எது சனங்களின் மனசில் நிற்கிறது, எது அந்த நிமிஷமே பறந்துபோகிறது என்று பிடிபட்டது. உங்களுக்கும் அந்த ஆசை இருந்தால் இப்படிச் செய்து பாருங்கள்.

சொல்லப்போகும் விஷயம் கேட்பவரின் கையிலோ காலிலோ இருக்க வேண்டும். கருந்துளையில் தொடங்காதீர்கள். மழை நாளில் கொழுந்து பறித்துவிட்டு வருகிற அக்காவிடம், “அட்டை கழன்ட பிறகும் ரத்தம் ஏன் நிக்காம வருது, தெரியுமாக்கா?” என்று கேளுங்கள். கேட்டுவிட்டுக் கொஞ்சம் பொறுங்கள், அவரே ஒரு காரணம் சொல்வார். அதற்குப் பிறகு நீங்கள் தொடங்கலாம். நமக்கு வெட்டுப்பட்டால் திராம்பின் என்ற பொருள் ரத்தத்தில் நூல் நூலாக வலை பின்ன வைத்துக் காயத்தை அடைக்கிறது, அட்டையின் எச்சிலில் உள்ள பொருள் அந்தத் திராம்பினையே பிடித்துக் கட்டிப்போட்டுவிடுகிறது. மருத்துவ அட்டையிடம் ரத்தத்தை உறையவிடாத ஒரு பொருள் இருப்பதை 1884இல் ஜோன் ஹேக்ராஃப்ட் என்பவர் கண்டார், பின்னால் அதற்கு ஹிருடின் என்று பெயர் வந்தது. அதைப் பார்த்து உருவாக்கிய பைவாலிருடின் என்ற மருந்தை, இதயத்தின் அடைபட்ட ரத்தக்குழாயைத் திறக்கும்போது இன்றைக்கும் ஏற்றுகிறார்கள். துண்டான விரலைத் திரும்பத் தைத்து ஒட்டிய பிறகு, உள்ளே வந்த ரத்தம் வெளியேற வழியில்லாமல் தேங்கினால், உயிருள்ள அட்டையையே விரலில் விடுகிற மருத்துவர்களும் இருக்கிறார்கள். அதற்கு அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2004இல் அனுமதி கொடுத்தது. இதைச் சொல்லும்போது கேட்பவர் முகத்தைப் பாருங்கள், காலையில் உப்புப் போட்டு உதறிய அட்டையை அவர் மனசுக்குள் திரும்ப எடுத்துப் பார்ப்பார்.

அதே மூச்சில் எல்லையையும் சொல்லிவிடுங்கள். ஆஸ்பத்திரியில் பயன்படுத்துவது தண்ணீரில் வாழும், அதற்கென்றே வளர்க்கிற வேறு இன அட்டை. நம் மலையில் இருப்பது தரை அட்டை. இதை விட்டுவிட்டால் அடுத்த வாரம் யாராவது புண்ணில் அட்டையைப் பிடித்து வைப்பார்கள்.

இந்த எல்லை சொல்கிற பழக்கம் எனக்கு ஒரு பெரியம்மாவால் வந்தது. தேத்தண்ணியில் உள்ள துவர்ப்புப் பொருள்கள் கீரையிலும் பருப்பிலும் இருக்கிற இரும்பைக் குடலில் பிடித்துக்கொள்ளும், உடம்பில் சேர விடாது என்று அவரிடம் சொன்னேன். உண்மைதான். ஆனால் ரத்தச்சோகைக்குக் குளிசை எடுத்துக்கொண்டிருந்த அவர், அன்றைக்கே தேத்தண்ணியை அடியோடு விட்டுவிட்டு மறுநாள் தலைவலியில் படுத்துவிட்டார். ஒரு நாளைக்கு ஐந்து கோப்பை குடித்த உடம்பு கஃபீன் இல்லாமல் தவித்திருக்கிறது. நான் பாதியைத்தான் சொல்லியிருந்தேன். முழுசாக எப்படிச் சொல்லியிருக்க வேண்டுமென்றால்: தேத்தண்ணியை விட வேண்டாம், சாப்பாட்டுக்கும் அதற்கும் நடுவில் ஒரு மணித்தியாலம் விடுங்கள், இரும்புக் குளிசையை வெறும் தண்ணீரில் விழுங்குங்கள், சாப்பாட்டில் தேசிக்காய் பிழிந்துகொண்டால் இரும்பு நன்றாகச் சேரும், குளிசையைக் கூட்டுவதையும் குறைப்பதையும் கிளினிக்கில் கேட்டுத்தான் செய்ய வேண்டும்.

காட்ட முடிந்ததைக் காட்டுங்கள். துருப்பிடித்த ஆணி ஒன்றைக் கடுமையான பிளேன்டீயில் இரவு முழுக்கப் போட்டு வைத்தால், காலையில் மை மாதிரி கறுத்திருக்கும், இரும்பும் துவர்ப்பும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டதன் நிறம் அது. (அந்தத் தேத்தண்ணியைக் கொட்டிவிடுங்கள், வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் முக்கியமாக.) நான் பத்து நிமிஷம் பேசுவதை விட இந்தக் கோப்பை நன்றாகச் சொல்லும்.

இலக்கம் சொன்னால் பக்கத்தில் தெரிந்த ஒன்றை வையுங்கள். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரம், அங்கே தண்ணீர் ஏறக்குறைய 94 பாகை செல்சியஸிலேயே கொதித்துவிடும், அதற்கு மேல் சூடு ஏறாது. இப்படி மட்டும் சொன்னால் யாருக்கும் ஒட்டாது. கொழும்பில் வேலை செய்யும் மகன் வீட்டில் பருப்பு சீக்கிரம் வேகுது, இங்கே ஏன் இழுக்குது என்று தொடங்கினால் அடுப்படியில் இருப்பவரும் திரும்பிப் பார்ப்பார்.

சரிபார்ப்பதில் சோம்பல் வேண்டாம். வட்ஸ்அப்பில் வந்த எதையும் நான் அன்றே சொல்வதில்லை. செய்தது எலியிலா மனிதரிலா, எத்தனை பேரில், வேறு யாராவது செய்தும் அதே முடிவு வந்ததா என்று பார்க்கிறேன். உண்மைக் கதையிலேயே கூட மிகைப்படுத்தல் ஒட்டிக்கொள்ளும். 1984இல் பெரி மார்ஷல் என்ற அவுஸ்திரேலிய வைத்தியர் ஹெலிகோபேக்டர் பைலோரி கிருமியைத் தானே குடித்த கதை தெரியுமா? அவருக்கு அல்சர் வந்தது என்று பலர் சொல்வார்கள். வந்தது அல்சர் இல்லை, இரைப்பை அழற்சி. அல்சருக்கு உறைப்பும் மனக்கவலையும்தான் காரணம் என்ற பழைய நம்பிக்கையை, இந்தக் கிருமியாலும் அல்சர் வரும் என்று காட்டிய அந்த ஆராய்ச்சி மாற்றியது, அவரும் ராபின் வாரனும் 2005இல் நோபல் பரிசு பெற்றார்கள். வயிறு எரிந்தாலே கேஸ்ட்ரிக் என்று சொல்லும் நம் ஆட்களுக்கு இந்தக் கதை மிகவும் பிடிக்கும். அப்புறம் வலிமாத்திரையாலும் அல்சர் வரும், எல்லா வயிற்றெரிவும் கிருமியால் இல்லை, டொக்டரிடம் காட்டித்தான் தெரியும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வயசானவர்களிடம் கோப்பியைப் பற்றிப் பேசுவேன். நம் முன்னோரை முதலில் இந்த மலைக்குக் கொண்டுவந்தது கோப்பித் தோட்டத்துக்கு. 1869இல் இலைக்கு அடியில் செம்மஞ்சள் தூளாக ஒரு பூஞ்சை தெரிந்தது, காற்றில் பரவி, சில பத்தாண்டுகளில் கோப்பியையே இல்லாமலாக்கியது. 1880இல் மார்ஷல் வார்ட் என்ற ஆங்கிலேயத் தாவரவியலாளர் வந்து அதை ஆராய்ந்தார், அதற்குள் காலம் கடந்துவிட்டிருந்தது. தேயிலை இந்த மலை முழுக்கப் படர்ந்தது அந்தப் பூஞ்சையால்தான் என்றபோது ஒரு தாத்தா வெகுநேரம் எதிர் மலையையே பார்த்துக்கொண்டிருந்தார். நானும் பேசவில்லை. அப்படிப்பட்ட நேரத்தில் அடுத்த விஷயத்துக்குத் தாவாதீர்கள்.

ஒரு தடவைக்கு ஒன்று போதும். கேள்வி வந்து, பதில் கையில் இல்லையென்றால், “அடுத்த ஞாயிறு சொல்றேன்” என்று சொல்லிவிட்டு உண்மையாகவே தேடுங்கள். உப்புப் பட்டதும் அட்டை ஏன் சுருங்குது என்று ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒன்று கேட்டது. அடுத்த ஞாயிறு நான் ஒரு வெள்ளரிக்காயும் உப்பும் கொண்டுபோனேன். வெட்டிய துண்டில் உப்பைத் தூவி வைத்தோம், கொஞ்ச நேரத்தில் தட்டில் தண்ணீர் நின்றது. “அப்போ அட்டைக்குள்ள இருந்த தண்ணியையும் உப்பு இப்பிடித்தான் இழுக்குதா?” என்று பிள்ளையே கேட்டது.