எல்லாத் திரைக்கும் ஏற்ற படங்கள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதுச்சேரியில் தங்கும் விடுதிகளும் கைவினைக் கடைகளும் தங்கள் இணையதளங்களைப் பெரும்பாலும் படங்களை நம்பியே அமைக்கின்றன. வாடிக்கையாளரோ அவற்றைக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் பேருந்தில் வந்துகொண்டே, சிக்னல் விட்டுவிட்டுக் கிடைக்கும் கைபேசியில் திறக்கிறார். படம் திரைக்குள் அடங்கிவிட்டால் வேலை முடிந்தது என்று எண்ணுவதே இங்கு நேரும் மூலத் தவறு. பக்கத்தின் தோற்றத்தை வகுக்கும் சிஎஸ்எஸ் மொழியில் ‘மேக்ஸ்-விட்த்’ (உச்ச அகலம்) 100% என்று எழுதினால் படம் கட்டத்துக்கு வெளியே வழியாது, அவ்வளவுதான். கேமராவிலிருந்து அப்படியே ஏற்றிய 6000 × 4000 பிக்சல் கோப்பு முழுவதும் இறங்கத்தான் செய்யும். அதை அழுத்திச் சில நூறு கிலோபைட்டாகக் குறைத்தாலும் சிக்கல் தீராது. உலாவி படத்தை முழு அளவில் விரிக்கும்போது பிக்சலுக்கு 4 பைட் வீதம் அந்த ஒரு படமே 96 மெகாபைட் நினைவகத்தைப் பிடித்துக்கொள்ளக்கூடும்.

இதற்குத் தீர்வு, ஒரே படத்தை 480, 800, 1200, 1600 பிக்சல் அகலங்களில் தயாரித்து, உலாவி தேர்ந்தெடுக்க வேண்டிய கோப்புகளைப் பட்டியலிடும் ‘சோர்ஸ்செட்’ பண்பில் கொடுத்துவிடுவது. 360 பிக்சல் அகலமும் மூன்று மடங்கு அடர்த்தியும் (ஒரு பிக்சல் அகலத்துக்கு மூன்று திரைப் புள்ளிகள்) கொண்ட கைபேசிக்கு முழு அகலப் படம் 1080 பிக்சல் தேவை என்பதால், உலாவி பொதுவாக 1200-ஐ எடுத்துக்கொள்ளும். இதுவரை சரியாகச் செய்பவர்களும், படம் திரையில் எவ்வளவு அகலத்தில் தெரியும் என்று உலாவிக்குச் சொல்லும் ‘சைசஸ்’ பண்பை விட்டுவிடுகிறார்கள். என் பார்வையில் அதிகம் கவனிக்கப்படாத தவறு இதுவே. பக்கத்தின் அமைப்பு தெரியவரும் முன்பே உலாவி கோப்பைத் தேர்ந்தெடுக்கத் தொடங்குவதால், ‘சைசஸ்’ இல்லாத இடத்தில் ஒவ்வொரு படமும் திரை முழுவதையும் நிரப்பும் என்றே கருதுகிறது. 1200 பிக்சல் அகலமுள்ள சாதாரணக் கணினித் திரையில், விடுதியின் அறைப் படங்கள் வரிசைக்கு மூன்றாக நின்றால் ஒவ்வொன்றுக்கும் 480 கோப்பே போதும். ஆனால் மூன்று படங்களுக்கும் 1200 கோப்பே இறங்கும், அதாவது பிக்சல் எண்ணிக்கையில் ஆறு மடங்குக்கும் மேல். திரை 600 பிக்சல் வரை இருந்தால் முழு அகலம், அதற்கு மேல் மூன்றில் ஒரு பங்கு என்று ஒரு வரி எழுதினால் இந்த வீண் நின்றுவிடும்.

படத்தின் அகலத்தையும் உயரத்தையும், பக்கத்தின் உள்ளடக்கத்தை எழுதும் ஹெச்டிஎம்எல்-இல் குறிப்பிடாவிட்டால், படம் வந்து சேரும்போது கீழேயுள்ள எழுத்துகள் துள்ளி நகரும். முன்பதிவுப் பொத்தானைத் தொடப் போனவர் வேறொன்றைத் தொட்டுவிடுவார். அவற்றைக் குறிப்பிட்டு, சிஎஸ்எஸ்-இல் ‘ஹைட்: ஆட்டோ’வை மறந்தால் படம் நெடுக்காக இழுபடும். பக்கத்தைத் திரையின் அகலத்துக்கே வரையச் சொல்லும் ‘வியூபோர்ட்’ மெட்டா வரி விடுபட்டாலோ, கைபேசி பக்கத்தையே கணினி அகலத்தில் வரைந்து சுருக்கிக் காட்டும்.

கடற்கரைச் சாலையில் காந்தி சிலையையும் அதைச் சூழ்ந்த கருங்கல் தூண்களையும் அகலவாக்கில் எடுத்த முகப்புப் படம் கணினியில் கம்பீரமாக இருக்கும். அதையே கைபேசியில் சுருக்கினால் சிலை விரல்நகம் அளவுகூட இராது. வானமும் தரையுமே மிஞ்சும். இங்கே அளவு மாற்றம் போதாது; சிலையை நெருக்கமாக வெட்டிய நெட்டுவாக்குப் படம் ஒன்று தனியாக வேண்டும். அதை ‘பிக்சர்’ உறுப்புக்குள், திரை அகல நிபந்தனையுடன் கொடுக்க வேண்டும். இரண்டு ‘ஐஎம்ஜி’ உறுப்புகளை வைத்து ஒன்றை ‘டிஸ்ப்ளே: நன்’ என்று மறைப்பது பலரிடமும் உள்ள பழக்கம், அப்படிச் செய்தால் மறைந்திருக்கும் படமும் இறங்கிவிடும்.

கீழேயுள்ள படங்களுக்கு, திரையை நெருங்கும்போதுதான் அவற்றை இறக்கச் சொல்லும் ‘லோடிங்=லேஸி’ பண்பு நல்லது. ஆனால் பக்கம் திறந்ததும் தெரிய வேண்டிய முகப்புப் படத்துக்கு அதைச் சேர்த்தால், முதலில் வர வேண்டியது தாமதமாகும்.

சோதிக்கும்போது கணினியில் உலாவிச் சாளரத்தைச் சுருக்கிப் பார்த்து முடிவுக்கு வரக் கூடாது. பெரிய கோப்பு ஏற்கெனவே உலாவியின் தற்காலிகச் சேமிப்பில் (கேஷ்) இருந்தால் உலாவி அதையே தொடர்ந்து காட்டக்கூடும். உலாவியிலேயே உள்ள டெவலப்பர் கருவியில் அந்தச் சேமிப்பை முடக்கி, கைபேசி அளவில் பக்கத்தைப் புதிதாகத் திறந்து, நெட்வொர்க் பட்டியலில் எந்தக் கோப்பு இறங்கியது என்று பெயரையும் அளவையும் பார்க்க வேண்டும்.