மாவுக்கட்டுப் போடப் போகுமுன்: மோதிரம், ரொட்டி, கம்பளிச் சட்டை

ஆடி மழையில் அம்மா, நாங்கள் தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையின் பாசியில் வழுக்கி விழுந்தார். இடது மணிக்கட்டு முறிந்துவிட்டது. லயத்திலிருந்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடு) ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் மாவுக்கட்டுப் போடுவதற்குள் நான் செய்யாத பிழை இல்லை. கையைப் பலகைத் துண்டு வைத்து அசையாமல் கட்டுவது உங்களுக்குத் தெரிந்திருக்கும், அதை விட்டுவிடுகிறேன்.

1. மோதிரம், வளையல்

வீட்டை விட்டு இறங்குமுன் கழற்றுங்கள். நான் மறந்துவிட்டேன். முச்சக்கரவண்டி குலுங்கிக் குலுங்கி மலை இறங்கிய இரண்டு மணி நேரத்தில் விரல் வீங்கி, மோதிரம் சதைக்குள் புதைந்துவிட்டது. அப்படியே விட்டால் விரலுக்கு இரத்த ஓட்டம் நின்றுவிடும்.

கையை நெஞ்சுக்கு மேலே சற்று நேரம் உயர்த்திப் பிடித்து, சவர்க்காரம் தடவிப் பாருங்கள். வராவிட்டால் நூல். அதன் ஒரு முனையை மோதிரத்துக்கு அடியால் உள்ளங்கையை நோக்கி நுழைத்துவிடுங்கள். மற்ற முனையை மோதிரத்தை ஒட்டித் தொடங்கி, விரல் மூட்டைத் தாண்டும்வரை இடைவெளி விடாமல் சுற்றுங்கள். பிறகு உள்ளே நுழைத்த முனையை விரல் நுனிப் பக்கமாக இழுத்துப் பிரிக்கப் பிரிக்க, மோதிரம் சுற்றுகளின் மேல் ஏறி வெளியே வரும். தடித்த நூலையே பாவியுங்கள்; மெல்லியது தோலை அறுக்கும். அந்த விரலே முறிந்திருந்தால் தொடவே வேண்டாம்.

அம்மாவின் மோதிரத்தை வெட்டித்தான் எடுத்தார்கள். எலும்பு முறிந்ததற்கு அழாதவர் அதற்கு அழுதார்.

2. வாயைக் கட்டுங்கள்

அடிபட்டவருக்கு ரொட்டியும் பால் தேத்தண்ணீரும் கொடுக்காமல் எங்கள் லயத்தில் அனுப்பமாட்டார்கள். ஆனால் விலகிய எலும்பை மயக்க மருந்து கொடுத்துப் பொருத்துவதென்றால், திட உணவு உண்டு பொதுவாக 6 மணி நேரம் கழிய வேண்டும். ஒரு ரொட்டிக்காக அம்மா மாலைவரை வலியோடு காத்திருந்தார்.

3. தோல்

பச்சிலையும் எண்ணெயும் பூச வேண்டாம். தாதி கழுவும்போது வலி இரட்டிப்பாகும். அட்டை கடித்த புண் இருந்தால் காட்டுங்கள். கட்டுக்குள் மறைந்துபோன புண் சீழ் பிடித்தாலும் கண்ணுக்குத் தெரியாது.

4. சட்டை

இறுக்கமான கைகொண்ட கம்பளிச் சட்டை கட்டின்மேல் ஏறாது. அம்மா குளிரில் நடுங்கியபடி வீடு வந்தார். முன்பக்கம் பொத்தான் வைத்த, கை அகன்ற பழைய சட்டையோடு ஒரு சால்வையும் கொண்டுபோங்கள்.

5. மாவு வைக்கும்போது

நனைத்த மாவுத்துணி இறுகும்போது சூடாகும். முன்கூட்டியே சொல்லி வையுங்கள். அம்மா பயந்து கையை இழுக்கப் பார்த்தார். சில நிமிடங்களில் கெட்டியானாலும் முழுதாகக் காய 24 முதல் 72 மணி நேரம் ஆகும். எங்கள் பக்கத்துப் பனியில் அதுவும் இழுத்தடிக்கும். அதற்காக அடுப்பருகே காட்டாதீர்கள். மேலே காய்ந்து உள்ளே ஈரம் நிற்கும், தோலும் சுடும். பைபர்கிளாஸ் கட்டு இலேசு, விரைவில் காயும். ஆனாலும் வீக்கம் இருக்கும் முதல் நாட்களுக்கு, ஒரு பக்கம் மட்டும் மாவு வைத்துத் துணி சுற்றும் கட்டே என் தேர்வு. வீங்கினால் தளர்த்தலாம்.

பின்சேர்க்கை: காலில் கட்டு என்றால் என்ன செய்வது என்று சிலர் கேட்டிருந்தீர்கள். மெட்டியைக் கழற்றுங்கள், நீளக் காற்சட்டைக்குப் பதில் சாரமோ பாவாடையோ உடுத்துங்கள். நகப்பூச்சையும் துடைத்துவிடுங்கள். கட்டு இறுகி நகம் நீலமானால் பூச்சு அதை மறைத்துவிடும். நீலம், மரத்துப்போதல், கூடிக்கொண்டே போகும் வலி, இவற்றில் ஒன்று வந்தாலும் விடியட்டும் என்று இருக்காமல் அந்த இரவே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.