பவர் ஆன்டெனா ட்யூனர்: வாங்குவது, ட்யூன் செய்வது, பராமரிப்பது

ரிக்கோடு (பேசவும் கேட்கவும் உதவும் ரேடியோ) லீனியர் ஆம்ப்ளிஃபயர் (அதன் பவரைப் பெருக்கும் பெட்டி) சேர்ந்ததும் புதிய ஹாம்களிடமிருந்து, அதாவது அமெச்சூர் ரேடியோக்காரர்களிடமிருந்து, வரும் அடுத்த கேள்வி ட்யூனரைப் பற்றித்தான். ஆன்டெனாவை ரேடியோவுக்குப் பொருத்திக் காட்டும் பெட்டி அது. ரிக்குக்குள்ளேயே இருக்கும் ஆட்டோ ட்யூனர் நூறு வாட்டுக்கானது. அது லீனியருக்கு முன்னால் இருப்பதால் லீனியருக்கும் ஆன்டெனாவுக்கும் நடுவில் அதனால் எதுவும் செய்ய முடியாது. அங்கே தனியாக ஒரு பெரிய பெட்டி வேண்டும். அதை வாங்குவதிலிருந்து வருடக்கணக்கில் நல்லபடியாக வைத்துக்கொள்வது வரை இங்கே எழுதுகிறேன். கையால் திருப்பும் ட்யூனரைப் பற்றி மட்டும்தான் பேசப்போகிறேன். ஆட்டோமேட்டிக் பெட்டிகள் நன்றாகத்தான் இருக்கின்றன. ஆனால் கெட்டுப்போனால் வீட்டில் உட்கார்ந்து சரிசெய்யக்கூடியது கையால் திருப்பும் ட்யூனர்தான்.

உள்ளே என்ன இருக்கிறது

பெரும்பாலான பவர் ட்யூனர்களில் மூன்று பொருட்கள் முக்கியம்: இரண்டு பெரிய வேரியபிள் கண்டென்சர்கள் (திருப்பி மதிப்பை மாற்றும் மின்தேக்கிகள்), நடுவில் ஒரு காயில் (கம்பிச் சுருள்). பழைய வால்வு ரேடியோவில் கேங் கண்டென்சரைப் பார்த்தவர்களுக்கு இது பழக்கமான உருவம்தான். இங்கே தகடுகளுக்கு நடுவே இடைவெளி மட்டும் அதிகம். கண்டென்சர்கள் இரண்டும் சிக்னல் போகும் பாதையில் வரிசையாக இருக்கும்; காயில் நடுவிலிருந்து எர்த்துக்குப் போகும். ஆங்கில டி எழுத்து போல வரைபடம் வருவதால் இதை டி மேட்ச் என்பார்கள். காயில் இரண்டு வகை: சுவிட்ச் போட்டு டேப் (காயிலில் இணைப்பு எடுக்கும் இடம்) மாற்றுவது ஒன்று, கைப்பிடியைச் சுற்றச் சுற்ற ஒரு சிறு சக்கரம் கம்பிமேல் உருண்டு போகும் ரோலர் இன்டக்டர் இன்னொன்று. ரோலர் விலை அதிகம், ஆனால் எந்த இடத்திலும் நிறுத்தலாம். லீனியர் வைத்திருப்பவர்களுக்கு நான் ரோலரையே சொல்வேன்.

ஒரு விஷயத்தைத் தொடக்கத்திலேயே புரிந்துகொள்ளுங்கள். ட்யூனர் ஆன்டெனாவைச் சரிசெய்வதில்லை. லீனியர் எதிர்பார்க்கும் 50 ஓம் போலவே ஆன்டெனா தெரியும்படி அது பார்த்துக்கொள்கிறது, அவ்வளவுதான். ட்யூனரிலிருந்து ஆன்டெனா வரை போகும் கோஆக்ஸ் கேபிளில் பழைய எஸ்.டபிள்யூ.ஆர் (பொருத்தம் எவ்வளவு என்று காட்டும் எண்; 1 என்றால் முழுப் பொருத்தம்) அப்படியேதான் இருக்கும். ஆன்டெனாவில் எஸ்.டபிள்யூ.ஆர் 3 என்றால் 25 சதவீத பவர் அங்கிருந்து திரும்பி வருகிறது. ட்யூனர் அதை மறுபடியும் மேலே அனுப்புகிறது. இப்படிப் போய்வரும் ஒவ்வொரு முறையும் கோஆக்ஸ் கொஞ்சம் தின்றுவிடும். ஆர்.ஜி. 58 போன்ற மெல்லிய கேபிளில் இந்த நஷ்டம் பெரிது, 400 வாட்டில் கேபிள் சூடாகவும் செய்யும். அதனால் டைபோலின் (நடுவில் கேபிள் சேரும் கம்பி ஆன்டெனா) நீளத்தை முதலில் சரியாக வெட்டுங்கள், ஆர்.ஜி. 213 போன்ற தடித்த கேபிள் போடுங்கள், மிச்சத்துக்கு ட்யூனரை நம்புங்கள்.

எத்தனை வாட் பெட்டி வாங்குவது

இந்தியாவில் ஜெனரல் கிரேடு ஹாம் உரிமத்துக்கு 400 வாட் வரை. அப்படியானால் 500 வாட் ட்யூனர் போதாதா என்று பலரும் கேட்கிறார்கள். என் பதில்: 1500 வாட் பெட்டியாகப் பாருங்கள். காரணம் இருக்கிறது.

ட்யூனரைக் கொல்வது வாட் இல்லை, வோல்ட்டும் ஆம்பியரும்தான். 50 ஓமில் 400 வாட் என்றால் உச்ச மின்னழுத்தம் 200 வோல்ட்தான். அதே 400 வாட் 2000 ஓம் காட்டும் ஆன்டெனாவுக்குப் போனால் உச்சம் 1265 வோல்ட்டைத் தொடும். ஆன்டெனா 5 ஓம் காட்டினால் மின்னழுத்தம் குறையும், ஆனால் கிட்டத்தட்ட 9 ஆம்பியர் ஓடும். ரோலர் சக்கரத்தின் சின்னத் தொடுபுள்ளி அதைத் தாங்க வேண்டும். பெட்டியின் முகப்பில் எழுதியிருக்கும் வாட் சுலபமான லோடுக்கானது (பவர் போய்ச் சேரும் இடம்தான் லோடு). நம் மொட்டை மாடி ஆன்டெனாக்கள் அவ்வளவு சுலபமானவை இல்லை.

பழைய அமெரிக்கப் பெட்டிகளில் 2 கிலோவாட், 3 கிலோவாட் என்று பெரிய எண்கள் இருக்கும். 1980களின் தொடக்கம் வரை அங்கே பவர் வரம்பை டிரான்ஸ்மிட்டரின் கடைசி ஸ்டேஜுக்கு உள்ளே போகும் டி.சி. பவராகக் கணக்கிட்டார்கள், பிறகுதான் வெளியே வரும் 1500 வாட் பீக் என்று மாற்றினார்கள். அதனால் அந்த எண்களைக் கொஞ்சம் குறைத்தே படியுங்கள். அப்புறம், எஃப்டி8 போன்ற டிஜிட்டல் முறையில் பேசுபவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். குரலில் பவர் ஏறி இறங்கும். எஃப்டி8இல் நாம் அனுப்பும் ஒவ்வொரு 15 விநாடிச் சுற்றிலும் 12.64 விநாடி முழு பவர் நிற்கும். காயிலுக்கு ஆறுவதற்கு அதிக நேரம் கிடைக்காது.

பழையது வாங்கும்போது

நிறையப் பேர் செகண்ட் ஹேண்டில்தான் வாங்குகிறோம். இந்தப் பெட்டிகளுக்குப் பேர்போன அமெரிக்க நிறுவனங்களில் ஹீத்கிட் 1992இலேயே கிட் (நாமே பூட்டும் பாகத் தொகுப்பு) விற்பதை நிறுத்திவிட்டது, எம்.எஃப்.ஜே. 2024 மே மாதம் தன் ஸ்டார்க்வில் ஆலையில் உற்பத்தியை நிறுத்தியது. ஆனாலும் ஹீத்கிட் எஸ்.ஏ. 2060ஏ போன்ற பெட்டிகள் இன்றும் கைமாறுகின்றன. உள்ளே இருப்பது காற்று, செம்பு, பீங்கான். தேய்ந்துபோக அதிகம் எதுவும் இல்லை.

மூடியைத் திறந்து பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். கண்டென்சரை முழுதாக ஒரு சுற்று சுற்றுங்கள். தகடு தகட்டை உரசும் சத்தம் கேட்கக் கூடாது. தகட்டு ஓரத்தில் கருகிய புள்ளி, பீங்கானில் கறுப்புக் கோடு, காயிலில் நிறம் மாறிய சுற்று இருக்கிறதா பாருங்கள். ரோலரை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை ஓட்டுங்கள். சக்கரம் எங்காவது தாவினால் அந்த இடத்தில் கம்பி வளைந்திருக்கிறது. சுவிட்ச் வகை என்றால் டார்ச் அடித்து ஒவ்வொரு கான்டாக்ட்டையும் பாருங்கள். உருகிய கான்டாக்ட்டுக்கு மாற்றுப் பாகம் தேடுவது பெரும்பாடு.

மேசையில் வைப்பது

காற்றோட்டத் துளைகளை மறைக்காதீர்கள். பின்னால் இருக்கும் எர்த் திருகில் மெல்லிய வயரைக் கட்டிவிட்டு முடிந்தது என்று நினைக்க வேண்டாம். அகலமான செம்புப் பட்டை அல்லது பின்னல் பட்டையில் ரிக், லீனியர், ட்யூனர் மூன்றையும் இணைத்து, முடிந்தவரை குட்டையான வழியில் எர்த்துக்குக் கொண்டுபோங்கள்.

மின்னல் விஷயத்தில் ட்யூனரை நம்பவே கூடாது. டி மேட்ச்சில் ஆன்டெனாவுக்கும் எர்த்துக்கும் நடுவே கண்டென்சர் இருக்கிறது. எனவே மழை மேகம் கூடும்போது கம்பியில் ஏறும் நிலைமின்சாரம் இறங்க அங்கே வழியே இல்லை. இடி முழங்குவதற்கு முன்பே, வானம் கறுக்கத் தொடங்கும்போதே ஆன்டெனா கேபிளைக் கழற்றுங்கள். அதன் முனை வீட்டுக்கு வெளியே எர்த்தோடு சேரும்படி முன்கூட்டியே ஏற்பாடு செய்துவையுங்கள்.

ட்யூன் செய்யும் முறை

முதலில் ஒரு சின்ன வேலை. ட்யூனரில் எந்தக் கேபிளும் இல்லாதபோது மூடியைத் திறந்து, கண்டென்சர் தகடுகள் முழுதாக ஒன்றுக்குள் ஒன்று போகும் நிலையில் டயல் எந்த எண்ணைக் காட்டுகிறது என்று பாருங்கள். சில பெட்டிகளில் அது 0, சிலவற்றில் 10. ரோலரின் கவுண்டரையும் அப்படியே சோதித்துக் குறித்துவையுங்கள். இது தெரியாமல் கீழே சொல்லும் நாலாவது படியைச் செய்ய முடியாது.

1. லீனியரை ஸ்டாண்ட்பையில் வையுங்கள். ரிக்கின் உள் ட்யூனரை அணைத்துவிடுங்கள். கண்டென்சர் இரண்டையும் பாதியில் நிறுத்துங்கள்.

2. எதையும் அனுப்பாமல், காதால் கேளுங்கள். ரோலரைச் சுற்றச் சுற்ற ஓரிடத்தில் ரிசீவரின் இரைச்சல் கூடும். அங்கே நிறுத்தி, கண்டென்சர்களையும் திருப்பி இரைச்சலை இன்னும் கூட்டுங்கள்.

3. அலைவரிசையில் யாரும் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, 10 வாட் கேரியர் (குரல் இல்லாத வெறும் அலை) கொடுங்கள். கண்டென்சர்களை மாற்றி மாற்றித் திருப்பி, மீட்டரில் திரும்பி வரும் பவரைக் காட்டும் ரிஃப்ளெக்டட் முள்ளைக் கீழே இறக்குங்கள். ரோலரைச் சுற்ற வேண்டுமானால் கேரியரை நிறுத்திவிட்டுச் சுற்றுவது நல்ல பழக்கம். சுவிட்ச் வகையில் இது பழக்கம் மட்டும் இல்லை, கட்டாயம்.

4. எஸ்.டபிள்யூ.ஆர் 1.5க்குக் கீழே வந்ததும் நிறுத்திவிடாதீர்கள். இங்கேதான் பலரும் பாதியில் விடுகிறார்கள். டி மேட்ச்சில் ஒரே ஆன்டெனாவுக்குப் பல இடங்களில் மேட்ச் கிடைக்கும். எல்லாம் ஒன்று போலத் தெரிந்தாலும் ஒன்றில் காயில் குளிர்ச்சியாக இருக்கும், இன்னொன்றில் சுடும். கண்டென்சர் மதிப்பு குறைவாக இருந்தால் காயிலில் சுற்றும் மின்னோட்டம் கூடும். ஆகவே கண்டென்சர்களை மேலே ஏற்றி, காயிலைக் குறைத்து மறுபடி மேட்ச் தேடுங்கள். கண்டென்சர் அதிகம், காயில் குறைவு: இந்த நிலைதான் வேண்டும். 80 மீட்டர் அலைவரிசையில் இது மிக முக்கியம். 400 வாட்டில் பத்து சதவீதம் உள்ளே தங்கினாலே 40 வாட். சால்டரிங் அயர்ன் ஒன்றைப் பெட்டிக்குள் போட்டு மூடியது போலத்தான்.

5. கிடைத்த மூன்று எண்களையும் ஃப்ரீக்வென்சியோடு எழுதிவையுங்கள். 40 மீட்டருக்கு ஒன்று, 20 மீட்டருக்கு ஒன்று என்று ஒரு அட்டையில் எழுதி ட்யூனர் பக்கத்திலேயே ஒட்டுங்கள். அடுத்த முறை வேலை சில நொடிதான்.

6. இப்போது லீனியரை இயக்கி, குறைந்த டிரைவில் (ரிக்கிலிருந்து லீனியருக்குள் போகும் பவர்) தொடங்கி ஏற்றுங்கள். வால்வு லீனியர் என்றால் அதன் பிளேட், லோடு கைப்பிடிகள் இரண்டையும் முன்பே டம்மி லோடில் (ஆன்டெனாவுக்குப் பதில் மாட்டும் 50 ஓம் ரெசிஸ்டர்) ட்யூன் செய்து வைத்திருங்கள். பவர் ஏறியபிறகு எஸ்.டபிள்யூ.ஆர் கொஞ்சம் நகர்ந்தால், பவரை இறக்கிவிட்டுத் திருத்துங்கள்.

நேனோ வி.என்.ஏ. (ஆன்டெனாவை அளக்கும் சிறு கருவி) வைத்திருப்பவர்கள் கொடுத்துவைத்தவர்கள். ட்யூனரின் ரிக் பக்கத்து சாக்கெட்டில் அதை மாட்டி, எதையும் அனுப்பாமலே மேட்ச் கண்டுபிடித்து எண்களை எழுதிக்கொள்ளலாம். மாட்டும் முன் ஆன்டெனா கேபிளில் இருக்கும் நிலைமின்சாரத்தை எர்த்தில் தொட்டு இறக்குங்கள். முடிந்ததும் அதைக் கழற்றிவிட்டுத்தான் ரிக்கை மாட்ட வேண்டும்.

சுத்தம் செய்வது

கடலோர ஊர்களில் இருப்பவர்களுக்கு உப்புக் காற்று, கடலைவிட்டுத் தள்ளி இருப்பவர்களுக்குத் தூசி. இரண்டுமே தகடுகளுக்கு நடுவே மின்சாரம் தாவ வழி போட்டுக் கொடுக்கும். வருடத்துக்கு ஒருமுறை, கடலுக்குப் பக்கத்தில் என்றால் மழைக்காலம் முடிந்ததும் இன்னொருமுறை, மூடியைத் திறந்து சுத்தம் செய்யுங்கள். லீனியரை அணைத்து, எல்லாக் கேபிளையும் கழற்றிய பிறகுதான் திறக்க வேண்டும். மூடி இல்லாமல் ஒருபோதும் பவர் கொடுக்காதீர்கள். ஆர்.எஃப். (ரேடியோ அதிர்வெண் மின்சாரம்) கடித்தால் காயம் தோலுக்கு உள்ளே ஆழமாகப் போகும், ஆறுவதற்கு நாளாகும்.

தூசியை மென்மையான பெயின்ட் பிரஷ்ஷும் ஊதும் பல்பும் வைத்து எடுங்கள். பல்லி, எறும்பு, சிலந்திவலை எல்லாம் உள்ளே இருக்கலாம். தகடுகளுக்கு நடுவே சிக்கிய ஒரு பூச்சி போதும், தீப்பொறி பறக்க. பீங்கான் இன்சுலேட்டர்களை ஐசோபுரோபில் ஆல்கஹால் நனைத்த துணியால் துடையுங்கள். தண்ணீர் வேண்டாம்.

ரோலருக்கு அதிக நேரம் கொடுங்கள். பஞ்சு உதிராத துணியில் ஆல்கஹால் தொட்டு, துணியை விரலால் கம்பிமேல் லேசாக அழுத்திக்கொண்டு முனையிலிருந்து முனைவரை சுற்றுங்கள். துணி கறுப்பாக வரும். வேறு பக்கம் மடித்து மறுபடியும் செய்யுங்கள். சக்கரத்தையும் அது ஓடும் அச்சுத் தண்டையும் அதே மாதிரி துடையுங்கள். அந்தத் தண்டும் சக்கரமும் தொடும் இடத்தைப் பலரும் மறந்துவிடுவார்கள். உப்புத்தாள் மட்டும் எடுக்கவே எடுக்காதீர்கள். வெள்ளி முலாம் போய்விட்டால் திரும்ப வராது. சுவிட்ச் கான்டாக்ட்டில் கான்டாக்ட் கிளீனரை ஒரு துளி விட்டு இருபது முறை முன்னும் பின்னும் திருப்புங்கள். துருவுக்கு அடிக்கும் எண்ணெய் ஸ்ப்ரேயை உள்ளே அடித்தால் அது இன்சுலேட்டரில் படிந்து தூசியைச் சேர்த்துக்கொள்ளும். கிரீஸ் தேவைப்படுவது பேரிங்கில் மட்டும், அதுவும் குண்டூசி முனையளவு.

கடைசியாக எல்லா ஆலன் திருகுகளையும் ஒருமுறை இறுக்குங்கள். டி மேட்ச்சில் கண்டென்சரின் இரண்டு பக்கமும் எர்த்தில் இல்லை. அதனால்தான் தண்டுக்கும் கைப்பிடிக்கும் நடுவே இன்சுலேட்டட் கப்ளர் வைத்திருக்கிறார்கள். அதில் விரிசல் இருந்தால் உடனே மாற்றுங்கள், ஏனென்றால் அடுத்த பக்கம் இருப்பது உங்கள் விரல்.

பட்பட் என்று சத்தம் வந்தால்

பேசும்போது எஸ்.டபிள்யூ.ஆர் முள் துள்ளினாலோ உள்ளே பட்பட் என்றாலோ அந்த நொடியே பேச்சை நிறுத்துங்கள். முதலில் சந்தேகிக்க வேண்டியது ட்யூன் செய்த நிலையைத்தான். கண்டென்சர் மிகக் குறைவாக இருக்கலாம். நாலாவது படியை மறுபடி செய்யுங்கள். பெரும்பாலும் அங்கேயே முடிந்துவிடும்.

முடியவில்லை என்றால் அறை விளக்கை அணைத்து, மூடி போட்டபடியே குறைந்த பவரிலிருந்து மெல்ல ஏற்றிக்கொண்டு, காற்றோட்டத் துளை வழியாகப் பாருங்கள். நீலப் பொறி எங்கே தெரிகிறது என்று மனதில் வையுங்கள். தகட்டு ஓரத்தில் என்றால் அங்கே பிசிறு இருக்கும். மெல்லிய அரத்தால் இரண்டு இழுப்பு போதும், துகள்களை ஊதி எடுத்துவிடுங்கள். தகடு வளைந்திருந்தால் விசிட்டிங் கார்டை இடைவெளியில் விட்டு மெதுவாக நிமிர்த்துங்கள். பீங்கானில் கறுப்புக் கோடு விழுந்திருந்தால் அது கரி, மின்சாரம் கடத்தும். சுரண்டி முழுதாக எடுக்க வேண்டும். எடுக்க முடியாத அளவு ஆழமாக இருந்தால் அந்த இன்சுலேட்டரை மாற்றுவதுதான் வழி.

பேலன் (ஆன்டெனாவுக்குப் போகும் இரட்டைக் கம்பி ஃபீடரை ட்யூனரோடு சேர்க்கும் டிரான்ஸ்ஃபார்மர்) உள்ளவர்கள் ஒரு நிமிடம் பேசிய பிறகு வாசனை பாருங்கள். வார்னிஷ் வாசம் அடித்தால், பேலனுக்குத் தாங்காத லோடு வந்திருக்கிறது. ஃபீடரின் நீளத்தை ஓரிரு மீட்டர் மாற்றினாலே பல நேரம் சரியாகும்.

மீட்டரைச் சோதிக்க, ட்யூனரை பைபாஸில் (காயில், கண்டென்சர் வழியாகப் போகாத நிலை) போட்டு 50 ஓம் டம்மி லோடு மாட்டுங்கள். ரிஃப்ளெக்டட் முள் அசையாமல் பூஜ்யத்தில் கிடக்க வேண்டும். கிடக்கவில்லை என்றால் உள்ளிருக்கும் டையோடு ஒன்று மின்னலிலோ நிலைமின்சாரத்திலோ போயிருக்கலாம். விலை சில ரூபாய்தான். ஆனால் அதை மாற்றாமல், அந்த மீட்டரைப் பார்த்து லீனியரை ஓட்டாதீர்கள்.

சுத்தமோ பழுதோ முடித்து மூடியைத் திருகியதும் நேராக முழு பவருக்குப் போகாதீர்கள். முதலில் டம்மி லோடில் 10 வாட், பிறகு 50, பிறகு 100. ஒவ்வொன்றிலும் சில விநாடி நிறுத்தி மீட்டரைப் பாருங்கள். அப்புறம் ஆன்டெனாவை மாட்டி, அட்டையில் எழுதிய பழைய எண்களுக்குப் போங்கள். அதே இடத்தில் மேட்ச் கிடைத்தால் லீனியரைத் தொடலாம். எண்கள் அதிகம் விலகியிருந்தால், ட்யூனரை விட்டுவிட்டு மாடிக்குப் போய் ஆன்டெனாவின் கனெக்டரைத் திறந்து பாருங்கள். பெரும்பாலும் தண்ணீர் இறங்கியிருக்கும்.