ஒற்றைச் சக்கர சைக்கிள்: ஏறுவதற்கு முன்பே செய்துவிடும் தவறுகள்

ஒற்றைச் சக்கர சைக்கிள் பழகப் போய்ப் பாதியில் விடுபவர்கள் பெரும்பாலும் "எனக்கு பேலன்ஸ் வராது" என்பார்கள். பல நேரம் கோளாறு வாங்கிய அளவிலும் பூட்டிய விதத்திலும்தான் இருக்கும்.

முதலில் அளவு. பெரிய சக்கரம் வேகமாகப் போகும் என்று 26, 29 அங்குலத்தை வாங்காதீர்கள். பெரியவர்கள் பழக 20 அங்குலம் சரி, சின்னப் பிள்ளைகளுக்கு 16. சிறுவர் சைக்கிள்களும் 20 அங்குலத்தில் வருவதால், கடலூரிலோ புதுச்சேரியிலோ டியூப் தேடி அலைய வேண்டியிருக்காது.

அடுத்து, பெட்டியைப் பிரித்ததும் அவசரமாகப் பூட்டுவது. பெடலில் எல், ஆர் என்று குறித்திருக்கும். இடது பெடலின் மரை தலைகீழ். அதை வலது கிராங்கில், அதாவது பெடலைத் தாங்கும் கையில், பலவந்தமாகத் திருகினால் மரை அழிந்து கிராங்கே வீண். பெடல் சரியாக ஏறியும், சக்கரத்தை இடம் வலமாக மாற்றிப் போட்டுவிட்டால் இன்னொரு வம்பு: மிதிக்க மிதிக்கப் பெடல் தானே கழன்று வரும்.

சீட்டு உயரத்தில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். பயத்தில் தாழ்த்தி வைப்பார்கள். முழங்கால் மடங்கியே இருக்கும், எடை முழுக்கப் பெடலில் இறங்கும், கொஞ்ச நேரத்தில் தொடை எரியும். பக்கத்தில் நின்றால் சீட்டு தொப்புள் உயரம் வரட்டும். பெடல் அடியில் இருக்கும்போது கால் லேசாக மட்டும் மடங்க வேண்டும். எடை சீட்டில் உட்கார வேண்டும். இதில் ஃப்ரீவீல் கிடையாது, பெடல் சக்கரத்தோடு ஒட்டியே சுற்றும். அதனால் காலில் எடை ஏறினால் வண்டி இடவலமாக ஆடும்.

உள்ளங்கையில் குச்சியை நிறுத்தி விளையாடுவோமே, அதே வேலைதான் இது. உடம்பு முன்னால் சாயும், சக்கரம் ஓடி வந்து அடியில் நிற்க வேண்டும். சாயாமல் நேராக நின்று மிதிக்கப் பார்ப்பவர் பின்பக்கம் விழுவார். சக்கரத்தையே குனிந்து பார்க்கவும் வேண்டாம், பார்வை தூரத்தில் இருக்கட்டும். பெடல் ஒன்று மேலும் ஒன்று கீழுமாக நிற்கும் இடத்தில் வண்டி உங்கள் பேச்சைக் கேட்காது. தொடக்கத்தில் அரைச் சுற்று மிதித்து, பெடல்கள் கிடைமட்டமாக வரும்போது நிறுத்திப் பழகுங்கள்.

எங்கே பழகுவது? மொட்டை மாடி மட்டும் வேண்டவே வேண்டாம். சீட்டில் ஏறினால் கைப்பிடிச் சுவர் இடுப்புக்குக் கீழே போய்விடும். தரையில், காம்பவுண்டுச் சுவரோரம் போதும். புல்லில் விழுந்தால் வலிக்காதுதான், ஆனால் சக்கரம் நகராது. புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் மாலை 6 மணிக்கு மேல் வண்டிகளை விடமாட்டார்கள் என்று உடனே அங்கே கிளம்பிவிடாதீர்கள். வண்டி இல்லாவிட்டாலும் கூட்டம் இருக்கும். திரும்பவும் நிற்கவும் வந்த பிறகு, விடியற்காலையில் போகலாம்.

விழும்போது வண்டியைப் பிடித்துக் காப்பாற்றப் பார்க்காதீர்கள். அது போகட்டும், நீங்கள் காலூன்றி இறங்குங்கள். ஹெல்மெட்டோடு மணிக்கட்டுக் காப்பும் போடுங்கள், தடுமாறினால் கைதான் முதலில் தரையைத் தேடும். செருப்பு, தொளதொள பேண்ட் இரண்டும் ஆகாது.

பழக்கம் வர 10 முதல் 15 மணி நேரம் பிடிக்கலாம் என்பார்கள். ஞாயிற்றுக்கிழமை மொத்தமாக உழைப்பதைவிடத் தினம் அரை மணி நேரம் பழகுவதே நல்லது.

அப்புறம் நம்ம ஊர் உப்புக் காற்று. கடலூர் தேவனாம்பட்டினம் கடற்கரைப் பக்கம் ஓட்டி வந்தால் துடைத்து வையுங்கள். பெடல் மரைக்கு முதல் நாளே கிரீஸ் வைக்காவிட்டால், ஒரு மழைக்காலம் கழித்து சைக்கிள் கடைக்காரர் ஸ்பேனரில் பைப் மாட்டித் திருப்பினாலும் அது அசையாது.