என் பால்வெட்டுக்காரரும் பக்கத்து பெஞ்சு அக்காவும்

எழுத்து வகுப்பில் மற்றவர்கள் உங்கள் கதாபாத்திரத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் முதலில் வாயை மூடிக்கொள்ளுங்கள். விளக்கம் வேண்டாம். சொன்னதைச் சொன்னபடியே நோட்டில் எழுதுங்கள்.

என் கதையில் குமரி மாவட்டக் குலசேகரத்தில் ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுக்கும் பால்வெட்டுக்காரர் ஒருவர் காலை 11 மணிக்குக் கத்தியோடு கிளம்புவார். பக்கத்து பெஞ்சு அக்கா சிரித்துவிட்டார். “வெயில் ஏறினா சிரட்டையில பால் எங்க நிறையும்? எங்க அப்பா விடியதுக்கு முன்னாடியே போயிருவாரு.” எனக்கு முகம் சுண்டிப்போனது. சரி என்று நேரத்தை மாற்றினேன். உடனே நெற்றியில் விளக்கு வந்தது, இருட்டில் கட்டன் சாயா போடும் மனைவி வந்தாள், ஆள் எழுந்து நடந்தார்.

உங்கள் கதாபாத்திரத்தை யாராவது ‘இவரைப் பிடிக்கலை’ என்றால் எந்த வரியில் என்று கேளுங்கள். மூன்று பேர் ஒரே வரியைக் காட்டினால் அங்கே கை வையுங்கள், அதுவும் மறுநாள். அப்புறம், ஒருவர் என் பால்வெட்டுக்காரரைக் கடைசியில் சாகடிக்கச் சொன்னார். அதை மட்டும் நான் கேட்கவில்லை.